சுவரைக் காத்தோம், நடையை விட்டோம்

பழைய வழிபாட்டுத் தலங்களைப் புதுப்பிக்கிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. சிற்பத்தைக் காப்பாற்றுகிறார்கள், ஓவியத்தைக் காப்பாற்றுகிறார்கள். அங்கே வந்தவர் எப்படி நடந்தார், எங்கே குனிந்தார், எங்கே தயங்கி நின்றார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கட்டடத்தில் பாதி அதுதான் என்பேன்.

பெத்லகேமில் இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் தேவாலயத்தின் வாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான். முன்பு பெரிதாக இருந்ததைக் கல் வைத்து அடைத்துச் சிறிதாக்கினார்கள். பழைய வளைவின் தடம் இன்னும் சுவரில் தெரிகிறது. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகாமல் தடுக்கத்தான் என்று சொல்வார்கள். ஆனால் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘தாழ்மையின் வாசல்’. காவலுக்காகக் குறுக்கிய வாசலுக்கு, குனிந்து நுழைந்த முதுகுகள் வேறு பொருள் கொடுத்துவிட்டன.

ஜாவாவில் உள்ள பௌத்தத் தலமான போரோபுதூர் இன்னும் நுட்பமானது. கீழ்த்தளங்களின் சுற்றுப்பாதைகளில் இருபுறமும் உயர்ந்த சுவர், சுவர் நிறையப் புடைப்புச் சிற்பங்கள். வெளியுலகம் தெரியாது. மூலைகள் உள்ளும் புறமுமாக மடிந்து மடிந்து போவதால் அடுத்த திருப்பத்தில் என்ன என்றும் தெரியாது. எல்லாக் கதைகளையும் வரிசையாகப் பார்க்க 10 முறை வலம்வர வேண்டும். அதன்பிறகு வட்டத் தளங்களுக்கு ஏறினால் சுவர் இல்லை, கதை இல்லை. துளையிட்ட 72 தூபிகளும் வானமும்தான். அதுவரை படித்துக்கொண்டே வந்த கண்ணுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. நேராகப் படியேறி, உச்சியில் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு இது கிடைக்காது. அந்த விடுதலையை உணர முதலில் அடைபட்டிருக்க வேண்டும்.

இஸ்தான்புல்லின் அயா சோபியா 537இல் தேவாலயமாக எழுந்தது, 1453இல் பள்ளிவாசலானது. தேவாலயம் நோக்கும் திசையும் மக்காவின் திசையும் ஒன்றல்ல. அதனால் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் நடுவிலிருந்து சற்று விலகி நிற்கிறது. தொழுகை வரிசைகள் கட்டடத்துக்குச் சாய்வாக விழுகின்றன. தூணும் குவிமாடமும் அப்படியே இருக்க, உடல்கள் சற்றே திரும்பியதில் அந்தக் கூடமே வேறு கூடமாகிவிட்டது.

இப்போது பிரான்சின் சார்த்ர் பேராலயத்துக்கு வாருங்கள். அதன் தரையில் 13 மீட்டர் அளவுக்கு விரிந்த ஒரு சுழல்வழி. மடிந்து மடிந்து நடந்தால் சுமார் 260 மீட்டர். பெரும்பாலான நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். கல் பத்திரமாக இருக்கிறது, நடைதான் இல்லை. போகப்போகக் கூரை தாழ்ந்து வெளிச்சம் குறையும்படி கட்டிய கருவறைகளில் கண்கூசும் விளக்கைப் பொருத்துவதும், வலம்வரும் பாதையைக் கம்பித் தடுப்பால் வெட்டுவதும் இதே கதைதான்.

சக்கர நாற்காலிக்கு வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தச் சாய்தளம் பின்கதவில் முடிந்துவிடக் கூடாது. அதில் வருகிறவருக்கும் அந்த மெல்ல இருளும் பாதை கிடைக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன், அளவுநாடாவோடு வருகிறவர்கள் ஒருநாள் முழுக்க அங்கே வழிபடுகிறவர்களோடு நடந்து பார்க்கட்டும். எங்கே அடி தளர்கிறது, எங்கே பேச்சு நிற்கிறது, இருட்டுக்குக் கண் பழக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும்.