ஸ்ட்ரக்டுக்குள் நேராகக் கையை விடாதீர்கள், காரணம் சொல்கிறேன்

லினக்ஸ் கர்னலுக்கு வரும் கிராபிக்ஸ் டிரைவர் பேட்ச்களை (கோட் மாற்றங்களை) ரிவ்யூ செய்யும்போது நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஸ்ட்ரக்டிலிருந்து (பல தகவல்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் சி மொழி அமைப்பு) இன்னொன்றுக்குப் போக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தால், அதன் வழியாகத்தான் போக வேண்டும். அம்புக்குறிக்கு (->) மேல் அம்புக்குறி போட்டு நேராக உள்ளே கையை விடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு உட்கார்ந்து லினக்ஸ் கர்னல் படிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்டால் முகம் வாடிவிடுகிறார்கள். "அண்ணா, கம்பைல் ஆகுது, ஸ்கிரீனும் வருதுங்களே, அப்புறம் எதுக்குங்க மாத்தணும்?" சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். கேரளப் பள்ளிகளுக்குக் கைட் (KITE, மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம்) தருவதே லினக்ஸ்தான் என்பதால், ஸ்கூல் லேபிலேயே கை பழகி வந்தவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு "இங்கே ஸ்டைல் இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற ரிவ்யூவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. காரணம் இருக்கிறது, நல்ல வலுவான காரணம். சொன்னால் என்ன?

இன்டெலை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடப் பழைய டிரைவர் ஐ915. எக்ஸ்இ என்ற புது டிரைவர் 2024இல் 6.8 கர்னலோடு வந்தது. திரையைக் கவனிக்கும் டிஸ்பிளே பகுதியைத் திரும்ப எழுத வேண்டாம், ஐ915இல் இருப்பதையே இரண்டும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்தக் கோடு (code) பெரும்பாலும் ஐ915இன் பெரிய ஸ்ட்ரக்டுக்குள் நேராகப் போய் எடுத்துப் பழகிய கோடு. என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஃபைல்களை எக்ஸ்இக்காக இன்னொரு முறை கம்பைல் செய்தார்கள். ஐ915 ஸ்ட்ரக்டின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் எக்ஸ்இ ஸ்ட்ரக்டின் பெயர் விழும்படி மேக்ஃபைலிலேயே (எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் ஃபைல்) ஒரு மேக்ரோ போட்டார்கள். படித்தபோது எனக்குத் திக்கென்றது. அப்புறம் டிஸ்பிளேக்கென்று தனி ஸ்ட்ரக்ட் பிரித்து, ஃபைல் ஃபைலாக மாற்றுகிற வேலை வெளியீடு மேல் வெளியீடாக நீண்டது.

ஏஎம்டி பக்கம் முன்னே யோசித்துச் செய்தார்கள். டிஆர்எம் (கர்னலின் பொதுவான கிராபிக்ஸ் அடுக்கு) டிவைஸ் ஸ்ட்ரக்டைத் தனியாக வைத்து, அதன் டெவ்_பிரைவேட் என்ற வாய்ட் பாயின்டரில் (என்ன டைப் என்று சொல்லாத முகவரி) தங்கள் ஸ்ட்ரக்டைத் தொங்கவிடுவது பழைய முறை. வாய்ட் பாயின்டரில் தப்பான டைப்பை எடுத்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. 2020இல் அதை மாற்றும்போது, முதலில் டிஆர்எம்_டு_ஏடெவ், ஏடெவ்_டு_டிஆர்எம் (ஏடெவ் என்பது ஏஎம்டியின் ஸ்ட்ரக்ட்) என்ற இரண்டு குட்டி ஃபங்ஷன்களை எல்லா இடத்திலும் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் டிஆர்எம் டிவைஸைத் தங்கள் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே பதித்தார்கள். அந்த நேரத்தில், இந்த ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிற இடங்கள் எதையும் மறுபடி தொட வேண்டியிருக்கவில்லை. ரிவ்யூவில் நாம் கேட்பதற்குப் பலன் இதுதான்.

இதில் பிள்ளைகள் அடிக்கடி சறுக்குகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபங்ஷன்களுக்குள் இருப்பது பெரும்பாலும் கன்டெய்னர்_ஆஃப் மேக்ரோ. உள்ளே இருக்கும் உறுப்பின் முகவரியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து வெளி ஸ்ட்ரக்டின் முகவரியைத் தரும், அவ்வளவுதான். நல் (NULL, எதையும் சுட்டாத) பாயின்டரைக் கொடுத்தாலும் கழிக்கும். உறுப்பு முதலாவதாக இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம், நல் நல்லாகவே திரும்பி வரும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து யாரோ அதற்கு மேலே ஒரு புது ஃபீல்டைச் சேர்த்தால், நல்லுக்குப் பதில் ஏதோ ஒரு குப்பை முகவரி வரும். "நல்தானா?" என்று பார்க்கிற இஃப் அதை உள்ளே விட்டுவிடும். அதனால் பாயின்டரை வெளி ஸ்ட்ரக்டுக்கு மாற்றுவதற்கு முன்னால் நல்தானா என்று சோதிக்க வேண்டும், மாற்றிய பிறகு அல்ல. இந்த ஒரு விஷயத்துக்காக நான் பேட்சைத் திருப்பி அனுப்பத் தயங்கவே மாட்டேன்.

பேட்சின் எழுத்து நடையைச் சோதிக்கிற செக்பேட்ச் ஸ்கிரிப்ட் இந்த மாதிரித் தவறுகளைப் பிடிக்காது. டேப், ஸ்பேஸ், 100 எழுத்தைத் தாண்டிய வரி, இதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். மனிதன் உட்கார்ந்து ரிவ்யூ செய்யும்போது அதே ஸ்பேஸைப் பற்றிப் பத்து கமென்ட் எழுதுவது வீண். லோக்கல் வேரியபிளுக்கு டெவ்_பிரிவ் என்று பெயரா, ஐ915 என்று பெயரா என்ற சண்டையும் அப்படித்தான். பக்கத்து ஃபங்ஷனில் என்ன இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் ஒன்று: பக் ஃபிக்ஸோடு இந்தச் சீர்திருத்தத்தைக் கலக்கக் கூடாது. ஃபிக்ஸ் பழைய ஸ்டேபிள் கர்னல்களுக்கும் (இன்னும் பராமரிப்பில் இருக்கும் பழைய வெளியீடுகள்) போக வேண்டியது. அதில் பெயர் மாற்றமும் ஃபங்ஷன் மாற்றமும் கலந்திருந்தால் அங்கே பேட்ச் உட்காராது. முதலில் ஃபிக்ஸ், அதன் மேல் தனி பேட்சாகச் சுத்தம். நூற்றுக்கணக்கான இடங்கள் என்றால் காக்சினெல்லில் (ஒரு விதிப்படி கோடு முழுக்கத் தானாக மாற்றும் கருவி) ஒரு விதி எழுதி ஓட்டுங்கள், அந்த விதியையே கமிட் மெசேஜிலும் (பேட்சோடு போகும் விளக்கம்) போடுங்கள். பார்க்கிறவருக்கு ஒவ்வொரு வரியாக நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.

ரிவ்யூவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். "நேராக எடுக்காதே" என்று எழுதுகிற இடத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: "இந்த ஸ்ட்ரக்டை அடுத்துப் பிரிக்கப் போகிறோம், அந்த ஃபங்ஷன் வழியாகப் போனால் உன் கோடு அப்போது உடையாது." சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கம் முதல் பேட்ச் அனுப்பப்போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால், அனுப்புவதற்கு முன்னால் எனக்கு உள்பெட்டியில் போடுங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.