கோபுரத்துக்கு முன்னால் ஒரு பாதை இருக்கிறதே

காட்டில் கட்டும் பார்வைக் கோபுரத்தில் படிக்குப் பதில் சாய்தளம் வைத்துவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவர்கள் உட்பட எல்லோரும் ஏறலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள குவோஹி கோபுரத்தைப் பாருங்கள். கிளிங்மன்ஸ் டோம் என்றால் பலருக்குத் தெரியும், 2024இல்தான் பெயர் மாறியது. 1959இலேயே 375 அடி நீளச் சாய்தளத்தோடு கட்டிவிட்டார்கள். ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து அங்கே போகும் அரை மைல் பாதை 330 அடி ஏறுகிறது. சக்கர நாற்காலிக்கு அது ஒத்துவராது என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. அப்புறம் மேலே சாய்தளம் இருந்து என்ன பயன்?

ஜெர்மனியில் பவேரியக் காட்டின் மர உச்சி நடைபாதை 2009இல் திறந்தது. அதில் உள்ள கோபுரம் 44 மீட்டர் உயரம், சரிவோ அதிகபட்சம் 6 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர்தான் உயர முடியும். அதனால் மொத்தப் பாதை 1,300 மீட்டர் நீள்கிறது. நீளம்தான், ஆனால் அடிமரம், கிளை, உச்சி என்று காட்டை நின்று நிதானமாகப் பார்க்கலாம். லிஃப்ட்டில் அது கிடைக்காது.

சரி, மேலே போயாயிற்று. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே கைப்பிடிக் கட்டை குறுக்கே வந்தால்? கட்டுரையில் உள்ள படத்தில் அப்படித்தான் தெரிகிறது.