இரண்டாவது மருந்துக்கு முன் ஒரு கல்ச்சர் பரிசோதனை

நாயின் தோலில் சீழ்க் கொப்புளம் வந்து முதலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்குக் கேட்கவில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவதற்கு முன் கல்ச்சர் பரிசோதனை, அதாவது சீழிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை, எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடலூரில் நாய் வளர்க்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "மனுஷனுக்கே யாரும் எடுக்கிறதில்லை, நாய்க்குப் போய் எடுக்கணுமா?" என்றுதான் கேட்கிறார்கள். எடுக்க வேண்டும் என்பதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாய்களின் தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியா. 2005ஆம் ஆண்டில்தான் இது தனி இனமாக அடையாளம் காணப்பட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாயின் மூக்கிலும் வாயிலும் ஆசனவாயைச் சுற்றியும் இது சாதாரணமாகக் குடியிருக்கும். உண்ணிக்கடியாலோ ஒவ்வாமையாலோ தோல் புண்ணாகும்போது உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும். இதிலேயே ஒரு வகை மெக்-ஏ என்ற மரபணுவைப் பெற்றுவிட்டது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துபவை. மெக்-ஏ இருக்கும் பாக்டீரியாவோ, மருந்து சரியாக ஒட்ட முடியாத வேறொரு புரதத்தைத் தயாரித்துக்கொண்டு சுவரைக் கட்டி முடித்துவிடுகிறது. ஆகவே அமாக்சிசிலினும் கேட்காது, செஃபலெக்சினும் கேட்காது. வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறினாலும், மாத்திரைக்குப் பதில் அதே குடும்பத்து ஊசியைப் போட்டாலும் பலன் இருக்காது. இந்த வகையில் பல, என்ரோஃப்ளாக்சசின், கிளிண்டமைசின் போன்ற பிற மருந்துகளுக்கும் அடங்குவதில்லை. அப்படியிருக்க, ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை ஊகத்தில் எழுதிக் கொடுப்பது, எஞ்சியிருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்து இந்தப் பொல்லாத கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகவே முடியும்.

முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நாய்களிடமும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற நாய்களிடமும் இந்தக் கிருமி கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பல நாடுகளில் பதிவான உண்மை. அது எப்படிப் பரவக்கூடும் என்பதற்கு நானே ஒரு சாட்சி. பக்கத்து வீட்டு நாயோடு ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கடிக்காமல் இருக்க வாயைச் சுற்றிக் கட்டும் பட்டைத்துணியை, முன்னால் வந்த நாயின் எச்சில் ஈரம் காயுமுன்னே அவிழ்த்து, அடுத்த நாயின் வாயில் கட்டினார்கள். எஃகு மேசையை ஒரே துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அங்கே இருந்தது ஒரே மருத்துவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிருமி குடியிருப்பதே வாயிலும் மூக்கிலும் எனும்போது, ஒரே கட்டை வாய்க்கு வாய் மாற்றுவது எவ்வளவு பெரிய ஆபத்து! நாய்க்கொரு துணி, ஒவ்வொரு நாயையும் தொட்ட பிறகு கையில் சானிடைசர், சீழ்ப்புண் உள்ள நாயைக் கடைசியாகப் பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவில்லை. புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் ஒரு நாய் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், அதன் நோட்டிலேயே அதைக் குறித்து வைப்பதும் அவசியம்.

கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ் அல்லது ஆர் என்று இருக்கும். எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. வரிசையாக ஆர் வந்து, கீழே லினிசோலிட் போன்ற ஒரு மருந்துக்கு மட்டும் எஸ் என்று இருந்தால், "அதையே எழுதுங்கள் டாக்டர்" என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. அது உயிருக்குப் போராடும் மனிதர்களுக்காகப் பத்திரப்படுத்த வேண்டிய மருந்து. தோலின் மேலாக மட்டும் இருக்கும் தொற்று என்றால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவே பல நேரங்களில் போதுமானது. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை நன்றாக நுரைக்கத் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக் கேட்காத கிருமியும் இதற்குச் சாகும். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு முன்னால் இந்த ஷாம்பூ எடுபடாமல் போவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் நாயைத் தெருவில் விட்டுவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கிருமி மனிதர்களைத் தாக்குவது அரிது. நாயைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், நம் கையில் காயம் இருந்தால் மூடி வைப்பதும், புண் ஆறும்வரை முகத்தை நக்கவிடாமல் இருப்பதும் போதும். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கி.மீ. சொச்சம்தான். அங்கே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நம் மாவட்டத்துக் கால்நடை மருத்துவமனைகளில் எடுக்கும் சீழ் மாதிரிகளை அது போன்ற ஓர் ஆய்வகத்துக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அனுப்பி வைக்கவும், முடிவைத் தொலைபேசியிலேயே மருத்துவருக்குத் தெரிவிக்கவும் இரண்டு அரசுகளும் பேசி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை புண்ணைச் சுத்தம் செய்துகொண்டு காத்திருக்க, நிலைமை மோசமாக இல்லாத பெரும்பாலான நாய்களால் முடியும்.