அழித்துவிட்டு மீண்டும் நிறுவினால் சரியாகாது

"ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் புது விண்டோ திறந்தாலே உறைந்துபோகிறதா? அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள், எல்லாம் புதிதாகிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறு. விண்டோஸில் அன்இன்ஸ்டால் செய்தால் நிரல் மட்டும்தான் போகும். எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்), அமைப்புகள், புக்மார்க்குகள், பாஸ்வேர்டுகள் எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். மறுபடி நிறுவியதும் ஃபயர்ஃபாக்ஸ் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும். கோளாறு அதற்குள் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

முதலில் ஃபயர்ஃபாக்ஸை முழுக்க மூடுங்கள். அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஐகானைத் திறங்கள். ட்ரபிள்ஷூட் மோடில் திறக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். "ஓபன்" கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் "ரீஃப்ரெஷ்" பட்டனை இப்போதே அழுத்த வேண்டாம், அது எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடும். ட்ரபிள்ஷூட் மோடில் எக்ஸ்டென்ஷன்கள், தீம், ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) மூன்றும் தற்காலிகமாக அணைந்திருக்கும். இப்போது கண்ட்ரோல்+என் அழுத்திப் பாருங்கள். விண்டோ சட்டென்று திறந்தால், குற்றவாளி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

வழக்கம்போலத் திறந்து, எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். அக்காவின் லேப்டாப்பில் இப்படித் தேடியபோது நான்காவதாக அணைத்த கூப்பன் எக்ஸ்டென்ஷனில் பிடிபட்டது. அதிலும் அகப்படாவிட்டால் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், பரிந்துரைத்த அமைப்புக்கான டிக்கை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்து, மூடித் திறங்கள். அதில் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

தயவுசெய்து யாரும் அந்த ப்ரொஃபைல் ஃபோல்டரைக் கையால் அழித்துவிடாதீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகளும் அதோடு போய்விடும்.