கச்சானுக்குத் தப்பி ஓடிய கதை

கூடாரத்து ஸிப்பை நாங்கள் உடைத்துவிட்டோமாம். 3,000 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். இன்று காலை இங்கே திருகோணமலையில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று முகத்தில் தோசைக்கல்லை வைத்தது போல் அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாங்கள் மலையில் போய்த் தங்கிய கூடார முகாம்காரரின் செய்தி வந்தது. கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

ஐயா, அந்த ஸிப்பைப் பற்றித்தானே பேச வேண்டும்? வாருங்கள், ஆறுதலாக உட்கார்ந்தே பேசுவோம்.

ஜூன் மாதத்துத் திருகோணமலையை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் குளிக்கிறவன் கன்னியா வெந்நீரூற்றுக்கு எதற்குப் போக வேண்டும்? மின்விசிறியைப் போட்டால் கூரைச் சூட்டை எடுத்துக் கீழே பரிமாறுகிறது. மனைவியின் தம்பி விஞ்ஞான ஆசிரியர், பிரச்சினையே அதுதான். "1,000 மீட்டர் ஏறினால் 6.5 பாகை குறையும் அத்தான். மலைநாட்டில பட்டிப்பொல பக்கம் 1,900 மீட்டர் வரும்" என்று கணக்குப் போட்டான். 12 பாகை கழிவு என்றால் யார்தான் மயங்க மாட்டார்கள்? பொசன் விடுமுறைக்கு வான் பிடித்தோம். வழிநெடுக தன்சல் என்கிற அன்னதானப் பந்தல்களின் வரிசை, கண்டியில் நெரிசல். சரி, அதை விடுங்கள்.

முகாம்காரர் அனுப்பிய படத்தில் பைன் மரங்களுக்கு நடுவே மஞ்சள் கூடாரம், மேலே நட்சத்திரம், பக்கத்தில் தேநீர்க் கோப்பை. நேரிலும் கூடாரம் மஞ்சளாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மிச்சமெல்லாம் மழை. "மழை இல்ல சார், இது மிஸ்ட். இப்ப விட்டுரும்" என்றார். அந்த மிஸ்ட் என் சட்டைக் கழுத்தால் இறங்கிச் சப்பாத்துக்குள் தேங்கியது.

இரவு பதினொரு மணி. எல்லோரும் உள்ளே போயாயிற்று, கடைசி ஆள் நான். ஸிப்பை இழுத்தேன். பாதியில் நின்றது. கீழே இழுத்தால் வருகிறது, மேலே மட்டும் மாட்டேன் என்கிறது. மனைவி டோர்ச் பிடித்தாள், ஸிப்பில் அல்ல, என் கண்ணில். "மெழுகுதிரி தேயுங்கோ தம்பி" என்றார் மாமி. மெழுகுதிரி இல்லை, சவர்க்காரம்தான் இருந்தது. தேய்த்தேன். மழை பட்டு நுரை பொங்கியது. நுரையோடு இழுத்தேன், இரண்டு விரற்கடை ஏறியது. ஆகா என்று இன்னும் ஒரு இழுவை. இப்போது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. "அப்பா, அதுக்குள்ள துணி மாட்டியிருக்கு" என்றான் மகன். பார்த்தால் என் சாரம். சாரத்தை உருவி எடுத்தால் காலில் அட்டை. அட்டைக்கு உப்பு வேண்டும். உப்பு வானில் இருக்கிறது. வானுக்குப் போக ஸிப் திறக்க வேண்டும்!

முகாம்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். "மெதுவா இழுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இரண்டு மணித்தியாலம் மெதுவாகத்தான் இழுத்தேன். கடைசியில் மாமி தன் சேலையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் ஏழு ஊக்குகள் எடுத்துத் தந்தார். வரிசையாகக் குத்தினோம். ஒவ்வொரு ஊக்குக்கு நடுவிலும் ஒரு காற்று உள்ளே வந்தது.

அப்போதுதான் போர்வைக்குள்ளிருந்து மச்சானின் குரல். "அத்தான், இது ஆர் தெரியுமே? எங்கட கச்சான்தான். தென்மேற்கால வந்து மலையின்ர இந்தப் பக்கம் மழையைக் கொட்டிப்போட்டு, அந்தப் பக்கம் இறங்கேக்க காய்ஞ்சு சூடாகி எங்கட ஊருக்கு வருது."

"உனக்கு இது முதலே தெரியுமா?"

"பின்ன? ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறனான்."

எந்தக் காற்றுக்குப் பயந்து ஓடினோமோ, அதற்கே கதவு பூட்ட முடியாமல் ஊக்கு குத்திக்கொண்டு படுத்திருக்கிறோம். அவன் நிறுத்தவில்லை. பட்டிப்பொலவைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை இருந்தாலும், ஒஹியா பக்கம் வெளியே வரும்போது வெயில் அடிக்குமாம். ஒரு சுரங்கம் தள்ளி! மாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மனைவி, பிறகு எல்லோரும். சிரித்த சிரிப்பில் மூன்று ஊக்குகள் தெறித்தன. தம்புள்ளையில் வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். தின்கிற கச்சானும் நமுத்துவிட்டிருந்தது. நமுத்ததையே தின்றோம்.

3,000 ரூபாயா? அந்த ஏழு ஊக்குகளுக்கு முதலில் காசு தரச் சொல்லுங்கள்.

இதை விடப் பெரிய வயிற்றெரிச்சல் வீட்டில் காத்திருந்தது. கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் குடும்பத்தோடு வந்து என் செம்பருத்தியை மொட்டையடித்து, கீரைப் பாத்தியை வழித்து, கொடியில் காய்ந்த துவாயின் ஒரு மூலையையும் மென்றுவிட்டுப் போயிருக்கின்றன. கடைசியாக வானில் ஏறியது யார், கேட்டைச் சாத்தாதது யார் என்று கேட்டேன்.

"மானுக்கு வயிறு நாலு அறை, அத்தான்" என்று தொடங்கினான் மச்சான்.