எங்கள் வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் உட்காரட்டும்

பயிற்சி முகாம் முடிந்து திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். கையேடு, குறிப்பேடு, பேனா, சான்றிதழ். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பதினோரு வருடமாக வகுப்பு எடுக்கிறேன். அப்படி ஒன்பது பைகள் வீட்டில் சேர்ந்திருக்கின்றன. யாரோ உழைத்து எழுதிய கையேடுகள் அவை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் வகுப்பை உண்மையில் மாற்றியது, ஒரு மாலை பின்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்த சக ஆசிரியை.

அன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா 'பகல்' என்ற சொல்லைப் படித்துக்கொண்டிருந்தார். ப, க, ல் என்று ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொன்னார். சொல் மட்டும் பிடிபடவில்லை. "சேர்த்துப் படிங்கம்மா" என்று மூன்று முறை சொன்னேன். அவர் முகம் வாடிப்போய், புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு இன்னும் அந்த முகம் நினைவில் இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியை சொன்னார்: "அவங்க தப்பாப் படிக்கலக்கா. 'கடல்'ல வர்ற க-வை நாம சொல்லிக்கொடுத்தோம். 'பகல்'ல அந்த ஒலி எங்க இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே எழுத்து, மூன்று ஒலி. 'சட்டை', 'பச்சை', 'மஞ்சள்' என்று ச-வும் அப்படித்தான். பேசியே வளர்ந்த நமக்கு இது தெரியவே தெரியாது, நாக்கு தானாக மாற்றிக்கொள்ளும். புதிதாக எழுத்துக் கூட்டுபவருக்கு, கையில் இருக்கும் ஒலியை வைத்துச் சொல்லைத் தேடும்போது, அந்தச் சொல் கிடைக்காது. 'உங்களுக்குத் தெரிந்த எந்தச் சொல் இதற்குப் பக்கத்தில் வருகிறது, யோசித்துப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். இப்போது முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் ஒன்பது கையேடுகளில் ஒன்றிலும் இது இல்லை.

இன்னொன்றையும் அந்த ஆசிரியை பார்த்திருந்தார். ஓரத்தில் இருந்த இருவர் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார்கள். நாற்பது வயதை ஒட்டிப் பெரும்பாலோருக்குக் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். அவர்களை 'மெதுவாகக் கற்பவர்கள்' என்று நான் என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது படிக்கும் கண்ணாடி. அந்தக் குறிப்பை அடித்தபோது கை கூசியது.

கரும்பலகை பக்கம் நிற்கும் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாமல் போவது இயல்பு. இருபது பேரைக் கவனித்து, நேரம் பார்த்து, அடுத்த பயிற்சியையும் யோசித்துக்கொண்டிருப்போம். அதனால்தான் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்கிறேன். மேலதிகாரியின் ஆய்வைச் சொல்லவில்லை. அவர் வந்தால் நாங்கள் நன்றாகப் படிப்பவரை எழுப்பிப் படிக்கவைப்போம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கேட்பது, இதே வேலையைச் செய்யும் ஒருவரை.

ஜப்பானியப் பள்ளிகளில் இது நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு என்று பெயர். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, படிப்பவர்களை: யார் எங்கே திணறினார், எந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்தது என்று. அப்புறம் உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். செலவு என்று பார்த்தால் நேரம்தான் முக்கியம்.

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் ஆசிரியர் பயிற்சியைப் பற்றி எழுதியதும் இதையொட்டியதே. விளக்கம் கேட்பதும் செய்முறை பார்ப்பதும் அறிவைத் தரும். ஆனால் கற்றதை வகுப்பறைக்குள் கொண்டுபோய் நிலைக்கவைப்பதற்கு, வகுப்பிலேயே கூட இருந்து தொடர்ந்து துணைசெய்பவர் வேண்டும் என்றார்கள். அவர்கள் பேசியது பள்ளி ஆசிரியர்களைப் பற்றி. பகுதி நேரமாகவும் தன்னார்வலராகவும் வரும் எங்களுக்கு அந்தத் துணை இன்னும் அதிகமாகத் தேவை. எங்களில் பலர் ஆசிரியர் படிப்பு படித்தவர்களே அல்ல.

இங்கே எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. பெரியவர்கள் எப்படிக் கற்பார்கள் என்பதை எல்லா முகாமிலும் சொல்வார்கள். முதியோர் கற்றலைப் பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் பெயர் கட்டாயம் வரும். பெரியவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், தங்கள் பிரச்சினைக்கு உடனே பயன்படுவதைத்தான் கற்க விரும்புவார்கள், தங்கள் கற்றலைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பார்கள். எல்லாம் சரி. இதைச் சொல்லும்போது நாங்கள் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். 'உங்கள் வகுப்பில் இந்த வாரம் எது சிக்கலாக இருக்கிறது?' என்று ஒரு கருத்தாளர் என்னிடம் கேட்டது பதினோரு வருடத்தில் ஒரே ஒரு முறை. நாங்களும் பெரியவர்கள்தான். எங்களுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

பிரேசில் கல்வியாளர் பவுலோ ஃபிரெய்ரே பெயரும் அடிக்கடி வரும். 1963இல் பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தந்த கதையைச் சொல்வார்கள். கேட்டு மலைத்துப்போய் 40 மணி நேரத்தையே பிடித்துக்கொள்கிறோம். அந்த 40 மணிக்கு முன்னால் நடந்த வேலையைப் பேச ஆள் இல்லை. அந்த மக்களிடம் போய், அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையில் கனமாக இருக்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 'செங்கல்' போன்ற சொற்கள். அசைகளைப் பிரித்துக் கோக்கத் தோதான சொற்களாகவும் அவை இருக்க வேண்டும். அது ஆய்வாளர் வேலை. வகுப்பு நேரத்துக்கு மட்டும் மதிப்பூதியம் பெறும் ஒருவர் அதை எந்த நேரத்தில் செய்வார்?

அதனால் நான் முதலில் கேட்பது தயாரிப்பு நேரத்துக்கான ஊதியம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒன்று பாடம் தயாரிக்க, ஒன்று சக ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க. இணையத்தில் வளங்களுக்குப் பஞ்சம் இல்லை. தேடிப் படித்து, என் வகுப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து, பொருந்தாததை வெட்டி ஒட்டத்தான் நேரம் இல்லை. அப்படி மாற்ற முடிகிற கோப்பாக, மாற்ற அனுமதி தரும் உரிமத்தோடு வளங்களைக் கொடுத்தால் பெரிய உதவி. பூட்டிய பிடிஎஃப் கோப்பால் எனக்குப் பாதிப் பயன்தான். எழுத்தைப் பெரிதாக்கக்கூட வழியில்லை. அப்புறம், குழந்தைகளுக்கு எழுதிய முயல் கதையைப் பேரப்பிள்ளை உள்ளவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் படிக்க விரும்புவது மருந்துச் சீட்டையும் வங்கியில் நிரப்பும் படிவத்தையும்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எப்போதும் கடைசி அரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வு பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றியது. வியாபாரத்தின் நடுவே வந்த கணக்குகளில் 98 சதவீதத்தைச் சரியாகப் போட்டார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். ஐந்தே சிறுவர்கள், சிறிய ஆய்வு. ஆனால் என் வகுப்பில் வாரந்தோறும் நான் பார்ப்பது இதையேதான். மனக்கணக்கில் என்னைவிட வேகமானவர்கள், தாளில் எழுதிய கழித்தலைப் பார்த்ததும் தடுமாறுகிறார்கள். அவர்கள் மனத்தில் போடும் வழியை முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதையே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு முழு நாள் சொல்லிக்கொடுங்கள், நான் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒரு முறை ஒருவர் வகுப்பை மற்ற இருவர் பார்க்கிறோம், சொந்த நேரத்தில். போன மாதம் பார்த்த வகுப்பில் 'கொ' வந்தது. கற்போர் ஒருவர், "கொம்பு முன்னாடி, காலு பின்னாடி, நடுவுல எழுத்து. நான் எதை முதல்ல சொல்றது?" என்று கேட்டார். எவ்வளவு நேர்மையான கேள்வி! கெ, கே, கை எல்லாவற்றிலும் பிறகு ஒலிப்பது முன்னால் நிற்கிறது. அன்று மூவரும் இரவு வரை பேசி, 'கண் எழுத்தையும் அதன் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும், வாய் அப்புறம் திறக்கட்டும்' என்று ஒரு சிறு பயிற்சி எழுதினோம். அந்தத் தாளை வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி.

அடுத்த முறை என் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல் நடத்தப்போகிறேன். அதில் நான் எங்கேயோ அவசரப்படுகிறேன், எங்கே என்று மட்டும் தெரியவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.