பல் இம்ப்ளான்ட் வைத்தால் ஏழு நாள் ஆன்டிபயாடிக் கட்டாயமா?

பல் இம்ப்ளான்ட் என்பது, இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர். "இம்ப்ளான்ட் வைத்தபின் ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிடாவிட்டால் சீழ் பிடித்துக் கழன்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நேரம்தான் தவறு.

பலன் தெரிந்திருப்பது சிகிச்சைக்கு முன் எடுக்கும் மருந்தில். 2013இல் வந்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் சர்வதேச அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, 1,162 பேர் பங்கேற்ற 6 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு மணி நேரம் முன்பு 2 அல்லது 3 கிராம் அமாக்சிசிலின் (பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்), ஒரே ஒரு தடவை. அப்படி 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு இம்ப்ளான்ட் தோல்வி தவிர்க்கப்படுகிறது. சீழ் பிடிப்பது குறைந்ததா என்றால், அது அங்கே உறுதியாகவில்லை. பிறகு நாள்கணக்கில் தொடர்ந்தால் கூடுதல் பயன் என்பதற்கும் போதிய சான்று இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் சிலருக்கு வரக்கூடும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது வேறு.

சரி, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால்? தாடையில் எலும்பு ஒட்டு (குறைந்த எலும்பை ஈடுகட்ட வைப்பது) வைத்தவர்கள், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளிகள் போன்றோருக்கு அவர் வேறு கணக்குப் போடலாம். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.